பாக்கியம் பயந்த ஃபாக்டரி

போன மாதம் ஒரு காலை. பெருமாள்மலையில் மேகம் எங்கள் வாசல்படி வரை வந்துவிட்டிருந்தது. நான் பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்கெட்டுக்குள் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்பேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரிந்ததுதான். யூகலிப்டஸ் தைலம் வாங்கினால் முகர்ந்து பார்ப்பேன், அப்புறம் முகர்ந்த மூக்கையும் சந்தேகப்படுவேன். 'நீங்க சந்தேகப்படாத ஒரே ஆள் நீங்கதான்' என்பது என் மனைவியின் நிரந்தரப் புகார்.

அப்போதுதான் பாக்கியம் வந்தார். மூன்று வீடு தள்ளி இருப்பவர். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். கணவர் இல்லை. காப்பித் தோட்டங்களில் தினக்கூலிக்குப் போய் ஒரே மகள் ஜெயந்தியை எம்.சி.ஏ. வரை படிக்க வைத்துவிட்டார். ஜெயந்தி இப்போது கொடைக்கானல் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படிக்கிறாள்.

"சோலியா இருக்கீங்களாண்ணே?"

"இல்லை, சொல்லும்மா."

"ஜெயந்தி ஃபாக்டரிக்குப் போகப் போறாண்ணே."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எம்.சி.ஏ. படித்த பெண் எதற்கு ஃபாக்டரிக்குப் போகிறாள்? விசாரித்தேன். முந்தின நாள் எஸ்.டி.டி. பூத்தில் ஜெயந்தி தோழியிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே காய்கறிப் பையோடு காத்திருந்த பாக்கியத்தின் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாதி...

"'ஃபாக்டரி தெரியலைன்னா எடுக்கவே மாட்டாங்களாம்டி'ங்கிறா. 'உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய இருக்கவங்களுக்குத் தெரியக் கூடாது, அதுதாண்டி ஃபாக்டரியே'ங்கிறா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

எனக்கும்தான்.

காரணம் இருக்கிறது. கீழே சமவெளியில் இருக்கும் மில்களுக்கு ஆள் பிடிக்க, ஊர் ஊராக ஏஜென்ட்டுகள் வருவது இந்த மலையில் புதிதல்ல. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார்கள், ஆஸ்டல் உண்டு என்பார்கள். பாக்கியத்தின் அக்கா மகள் அப்படித்தான் போனாள். பார்க்கப் போன அக்காவை வாசல் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண் திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் அவள் இருமல் தெரு முழுக்கக் கேட்கும். அந்த மில்லை அவர்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'ஃபாக்டரி' என்பார்கள், அவ்வளவுதான்.

"ஜெயந்திகிட்டயே கேட்டியா?"

"கேட்டேண்ணே. 'அது உனக்குப் புரியாதும்மா'ன்னுட்டா."

இந்த ஒரு வாக்கியம் போதாதா? உலகத்தில் நடக்கிற ஏமாற்று வேலைகளில் பாதி, 'அது உங்களுக்குப் புரியாது' என்றுதானே தொடங்குகிறது?

"நீங்க ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே. உங்களுக்குத்தான் எல்லாத்து மேலயும் சந்தேகம் வருமே."

என் குணத்தை ஒருவர் தகுதியாக மதித்து அழைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹோம் மேட் சாக்லேட் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது அந்த சென்டர். படியேறும்போதே நோட்டம் விட்டேன். கேட்டில் பூட்டு இருக்கிறதா? இல்லை. ஜன்னலில் கம்பி? இருந்தது, ஆனால் குரங்குக்காக என்றார்கள். நம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனால், ஸ்வெட்டர் போட்ட ஏழெட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயந்தி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா... மாமா, நீங்களுமா?"

பாடம் நடத்துகிறவர் ஆல்பர்ட் என்ற இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார். ரொம்ப மரியாதை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, இங்கே ஏதோ ஃபாக்டரி இருக்கிறதாமே?"

"இன்னைக்கு டாப்பிக்கே அதான் சார். ஃபாக்டரி பேட்டர்ன்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விளக்கச் சொன்னேன். தமிழில், எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி.

ஆல்பர்ட் போர்டில் ஒரு வீடு வரைந்தார். "கிளாஸ்னா வீட்டு பிளான் மாதிரி சார். ஆப்ஜெக்ட்னா அதை வச்சுக் கட்டின வீடு. புரோகிராம்ல 'நியூ'ன்னு எழுதினா ஒரு வீடு கட்டிக் கையில கொடுத்துடும்."

"சரி."

"நூறு இடத்துல நியூ நியூன்னு எழுதி வச்சிட்டோம். நாளைக்கு அந்த வீடு வேண்டாம், வேற வீடுன்னு வந்தா? நூறு இடத்துலயும் போய் மாத்தணும். அதனால நியூ போடுற சோலியை மொத்தமா ஒரே இடத்துல ஒப்படைச்சிடுவோம். வேணுங்கிறவங்க அதுகிட்டக் கேட்டா போதும், எதைச் செஞ்சு தரணும்னு அது பாத்துக்கும். அதுக்குப் பேருதான் ஃபாக்டரி."

"கேட்கிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது?"

"தெரிய வேண்டியதில்ல சார். அதுதான் அதுல அழகு."

அழகாம். பாக்கியம் என்னைப் பார்த்தார். நான் பாக்கியத்தைப் பார்த்தேன்.

ஆல்பர்ட் விடவில்லை. வட்டம், சதுரம், முக்கோணம் என்று வரைந்து தள்ளினார். 'ஷேப் வேண்டும் என்று ஃபாக்டரியிடம் கேட்டால்...' நான் குறுக்கிட்டேன். எந்த மனிதன் காலையில் எழுந்து ஒரு முக்கோணம் வேண்டும் என்று கேட்கிறான்? ஜெயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போது எனக்குள் ஏதோ பொறி தட்டியது. சீசனில் நம் பஸ் ஸ்டாண்டில் என்ன நடக்கிறது? வெளியூர்க்காரர் குடும்பத்தோடு இறங்குகிறார். 'ரூம் வேணுமா சார்... ரூம் ரூம்...' என்று புரோக்கர் வருகிறார். இவர் கேட்பது ஒரு ரூம். புரோக்கர் கொண்டு போய் விடுவது லாட்ஜாக இருக்கலாம், காட்டேஜாக இருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் அவசரமாகச் சுண்ணாம்பு அடித்த கொட்டகையாகவும் இருக்கலாம். நாளைக்குப் புதிதாக ஒரு லாட்ஜ் திறந்தால், அது புரோக்கருக்குத் தெரிந்தால் போதும். வெளியூர்க்காரர் வழக்கம்போல 'ரூம்' என்று கேட்டால் சரி.

"புரோக்கர்தானே தம்பி உங்கள் ஃபாக்டரி?"

ஆல்பர்ட் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். "சூப்பர் சார். இதையே இனிமே எக்ஸாம்பிளா வச்சுக்கிறேன்."

"அப்படியானால் இது ஏமாற்று வேலைதானே?"

இந்த இடத்தில் ஜெயந்தி பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்தாள். "இல்ல மாமா. ரூம்னா கதவு இருக்கணும், கட்டில் இருக்கணும், வெந்நீர் வரணும்னு முதல்லயே எழுதி வச்சிருப்போம். அதுக்கு இன்டர்ஃபேஸ்னு பேரு. அதுல ஒண்ணு குறைஞ்சாலும் புரோகிராம் கம்பைலே ஆகாது, ஓடவே ஓடாது. வெந்நீர் இல்லாத ரூமைக் கொடுக்கவே முடியாது."

அந்த ஏற்பாட்டை நம் பஸ் ஸ்டாண்டில் கொண்டு வர முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். எனக்குத் தெரியும்.

பாக்கியம் இப்போது மெதுவாகக் கேட்டார். "அப்ப இதுல ஷிப்ட் கெடையாதா? மிஷினு கெடையாதா?"

"எல்லாம் எழுத்துதாம்மா. நான் டைப் அடிக்கிறேனே, அது. வேலைக்கு இன்டர்வியூ போனா இதைத்தான் கேப்பாங்க."

"அட போடி. எங்க தோட்டத்துல கொழுந்து கொண்டு போய்க் கொட்டுற எடத்த ஸ்டோருன்னுதான் சொல்லுவோம். நீயும் ஸ்டோருன்னே சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு சிரித்தார்.

தேயிலை ஃபாக்டரிக்கு அவர்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்று பெயர். அங்கே கொழுந்து போகும், தேயிலை வரும். பயப்பட ஒன்றுமில்லை. 'ஃபாக்டரி' என்ற சொல்லைப் பாக்கியத்துக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஊர்... அக்கா மகள் போன அந்த மில். ஒரே சொல்தான், அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று.

கேஸ் முடிந்தது என்று எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் — இன்டர்வியூ எந்தக் கம்பெனியில்?

"தெரியாது மாமா."

மறுபடியும் உட்கார்ந்தேன்.

பெங்களூரில் ஒரு கன்சல்டன்சியாம். கம்பெனிக்காரர்கள் ஆள் வேண்டும் என்று இவர்களிடம் கேட்பார்களாம். இவர்கள் ஆள் எடுத்து அனுப்புவார்களாம். எந்தக் கம்பெனி என்பது சேர்ந்த பிறகுதான் தெரியுமாம். சேருகிற அன்றைக்கு ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எல்லாம் கொடுத்துவிட வேண்டுமாம்.

பாக்கியத்தின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அக்கா மக போனப்பவும் ரேஷன் கார்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க."

ஜெயந்தி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஆல்பர்ட் வரைந்திருந்த படம்: ஒரு பக்கம் கேட்கிறவன், நடுவில் ஃபாக்டரி, அந்தப் பக்கம் ஓர் அம்புக்குறி போட்டு ஆப்ஜெக்ட்.

"மாமா," என்றாள் மெதுவாக. "அப்ப ஆப்ஜெக்ட் நான்தானா?"

அந்தக் கன்சல்டன்சி நம்பரை எடுக்கச் சொன்னேன்.

அங்கிருந்து நேராக எஸ்.டி.டி. பூத். பேசியது ஜெயந்திதான். "கம்பெனி பேர், அட்ரஸ் வேணும் சார். அது தெரியாம நான் வரல. ஒரிஜினலைக் காட்டுறேன், ஜெராக்ஸ்தான் தருவேன்." அந்தப் பக்கம் ஏதோ சத்தம். பிறகு அதுவும் இல்லை. போனை வைத்துவிட்டார்கள்.

ஜெயந்தி அழவில்லை. பாக்கியம்தான் பஸ்ஸில் பெருமாள்மலை வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகள் போகிறாள் என்று காலையில் அழுதவர், போக முடியாது என்று சாயங்காலம் அழுதார்.

அடுத்து வந்த நாட்களில் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தேகப்படுவது சுலபம், நமக்கென்ன போகிறது? போனது ஒரு பெண்ணின் வேலை. தோட்டம் தோட்டமாக அலைந்து ஒரு தாய் படிக்க வைத்த படிப்பு. நல்ல இடமாகவே இருந்திருந்தால்? என் மூக்கை நுழைத்துக் கெடுத்துவிட்டேனோ?

ஒரு வழியாக அந்த வாரக் கடைசியில் என் வீட்டு போன் அடித்தது. ஜெயந்தி கொடுத்திருந்த நம்பர் அதுதான். அதே கன்சல்டன்சி ஆள். வேண்டா வெறுப்பாகக் கம்பெனி பெயர் சொன்னார், விலாசம் சொன்னார், ஜெராக்ஸ் போதும் என்றார். ஆல்பர்ட் விசாரித்துப் பார்த்து, 'நிஜமாவே பெரிய கம்பெனி சார்' என்றார். ஏன் திடீரென்று இறங்கி வந்தார்கள்? ஆள் கிடைக்கவில்லையா? எனக்கு அதிலும் சந்தேகம்தான். ஆனால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன்.

பாக்கியம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நானும் கூட வருவேன். எடத்தப் பாத்துட்டுத்தான் விடுறதா கூட்டிட்டு வர்றதான்னு சொல்லுவேன்." ஜெயந்தி மறுக்கவில்லை. இருவரும் பெங்களூர் பஸ் ஏறினார்கள்.

திரும்பி வந்தது ஒருவர்தான்.

பெருமாள்மலை ஸ்டாப்பில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து பாக்கியம் தனியாக இறங்கினார். எனக்குப் பகீர் என்றது. ஓடிப் போய்க் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டாங்கண்ணே. கூடப் படிச்ச புள்ள ரூம்ல தங்கியிருக்கா."

"இன்டர்வியூவில் என்ன கேட்டார்களாம்?"

"அந்த ஃபாக்டரியத்தான் கேட்டாங்களாம். நம்ம பஸ் ஸ்டாண்டு புரோக்கர் கதையச் சொன்னாளாம். சிரிச்சாங்களாம்."

"நீ உள்ளே போய்ப் பார்த்தியா?"

"என்னைய எங்க விட்டாங்க, கேட்லயே நிறுத்திட்டாங்க. அக்காவ நிறுத்துன மாதிரியே."

"அப்புறம் எந்தத் தைரியத்தில் விட்டுட்டு வந்த?"

பாக்கியம் பையைக் கீழே வைத்தார். "எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருந்துச்சுண்ணே. காலையில வெள்ளனே இவளை உள்ள அனுப்பிட்டு, ஒரே ஒரு டீயை வாங்கிக்கிட்டு அங்கயே உக்காந்துட்டேன். கேட்டையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். புள்ளைக வெளிய வந்து டீ குடிக்குதுக, போன் பேசுதுக, மறுபடி போகுதுக. எங்க போறன்னு யாரும் கேக்கல. பொழுது சாய்ஞ்சதும் மொத்தமா வந்து, அதுக பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டுப் பஸ் ஏறிப் போகுதுக. உள்ள என்ன சோலின்னு எனக்குத் தெரியல. ஆனா போன புள்ள வெளிய வருதுண்ணே. எங்க அக்கா மகளுக்கு அது இல்ல. அதான் விட்டுட்டு வந்தேன்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு, "வெரசாப் போகணும்ணே, நாளைக்கு வேலை இருக்கு" என்று ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து நானும் நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒரே ஒரு உறுத்தல்தான் — பெங்களூர் மாதிரி ஊரில், ஒரு டீக்கு ஒரு நாள் முழுக்க உட்கார விட்டானாமே அந்தக் கடைக்காரன்... ஏன்?