முதல் கொட்டாங்கச்சி

முடிச்சூர் ஃப்ளாட்டில் புதுக் கேனிலிருந்து தண்ணீர் பிடிக்கும்போது ஜன்னல் வழியே அடையாற்று வாடை வந்தது.

சின்ன வயதில், கோடையில் இதே ஆற்று மணலைத் தோண்டி, ஊறும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடிப்போம். இனிக்கும்.

ஒரு மே மாதம், ஆறு போகும் வழியில் கீழே இருக்கும் அனகாபுத்தூருக்கு, அத்தை வீட்டுக்குப் போன அண்ணன் அங்கேயும் தோண்டினான்.

"வெயில் காலத்துல இங்க தோல் கம்பெனிக் கழிவுதாண்டா ஓடுது!" என்று அத்தை கத்தினாளாம்.

"போன மழையில இங்க குடிச்சேனே அத்தை, அதே ஆறுதானே?" என்று சிரித்துக்கொண்டே குடித்தானாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊற்றில் முதல் கொட்டாங்கச்சித் தண்ணீரை அம்மாதான் குடிப்பாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். வெகுநேரம் கழித்துத்தான் எனக்குத் தருவாள்.

"கேன் தண்ணிதானேம்மா, எவ்ளோ நேரம் வெயிட் பண்றது?" என்கிறாள் என் மகள்.

குடித்துக் காலியாக்கிய டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். கை வயிற்றின் மேல் இருக்கிறது.