அண்ணன் சிரித்த வருஷம்

அண்ணன் என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. அந்த மரியாதையை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான், அளவாகச் சிரிக்கிறான். ஆனாலும் காரைக்குடி வீட்டு மாடியில் அவன் விழுந்து விழுந்து சிரித்த அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. சொல்ல என்ன வெட்கம்?

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தபோது கையில் மனச்சோர்வுக்கு மாத்திரை இருந்தது, வாயில் பேச்சில்லை. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தே கிடந்தான். பிறகு மெல்ல மாடிக்குப் போக ஆரம்பித்தான். சாயங்காலம் நானும் ஏறுவேன். எங்கள் பழைய பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டு அம்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்ததை நடித்துக் காட்டுவான். வயிறு வலிக்கச் சிரிப்போம். எங்களைப் பெற்ற ஆத்தா கீழேயிருந்து அனுப்பும் வெள்ளைப் பணியாரத்தைத் தட்டோடு காலி செய்வான். “மாத்திரை வேலை செய்யுது, பிள்ளையார்பட்டியான் கண்ணைத் தொறந்துட்டான்” என்று ஆத்தா தெருவெல்லாம் சொல்லி வந்தாள்.

ஒருநாள் சொல்லாமல் ஏறிப் போனேன். மாடியெல்லாம் ஒரே வாடை.

“கருமம்! மாத்திரையும் போட்டுக்கிட்டு கஞ்சாவும் இழுக்கிறியாடா?”

“இது செடிதானடி. மாத்திரைதான் கெமிக்கல்.”

“அரளியும் செடிதான். அரைச்சுக் குடியேன்!”

அதற்கும் சிரித்தான், பாவி. டாக்டரிடம் சொல்லித் தொலை என்று நாள் தவறாமல் சண்டை போட்டேன். ஒவ்வொரு முறையும் ஆத்தாதான் கூடப் போவாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது என்று நழுவிவிடுவான்.

அப்படியே பிள்ளையார் நோன்பு வந்தது. எங்கள் வீடுகளில் அன்று இழை எடுப்போம். புது வேட்டி நூலைத் திரித்து, இனிப்பு மாவில் வைத்து, நெய்யில் தோய்த்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவை அப்பச்சி என்போம்; அவர்தான் எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அண்ணன் எப்படியோ விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் வியர்வை.

“காலையில இருந்து பட்டினி, அதான் மயக்கம். எம்புள்ளைக்கு இன்னொரு இழை குடுங்க” என்றாள் ஆத்தா. கூடியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

“நெஞ்சு தறிகெட்டு அடிக்குதுடி. மாடிக்குப் போயிட்டு வந்தேன். பயமா இருக்கு.”

எனக்கு உயிரே போய்விட்டது. இழையாவது ஒன்றாவது என்று கத்தி, காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் அவனை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மாதான் இருந்தார். நாடியைப் பார்த்துக்கொண்டே, “மாத்திரையோட வேற ஏதாவது எடுக்கிறீங்களா?” என்று கேட்டார்.

ஆத்தா முந்திக்கொண்டாள். “எம்மகன் வெத்தலைகூடத் தொட மாட்டான். என்ன கேக்குறீக நீக!”

நான் அண்ணனையே பார்த்தேன். இதை அவன் வாயால்தான் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, “கஞ்சா, டாக்டர். தெனமும்” என்றான்.

டாக்டர் திட்டவில்லை. இரண்டும் சேர்ந்தால் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளக்கூடும், கஞ்சாவை விட வேண்டும், பயந்துபோய் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, இனி எதையும் மறைக்காதீர்கள் என்றார். படபடப்பு அடங்கும்வரை அங்கேயே படுக்கச் சொன்னார். ஆத்தா காதில் ஒன்றும் விழுந்த மாதிரி தெரியவில்லை. நோன்புப் பட்டுச் சேலையோடு அவன் கட்டிலருகே போய் நின்றாள்.

“அப்ப நீ இந்த வருசம் பூராச் சிரிச்சதெல்லாம்... அதாலதானாய்யா?”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். “இல்ல ஆத்தா. பாதி நெசந்தான்.”

“அந்தப் பாதி போதும்யா எனக்கு” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆத்தா அழுதாள்.