ஆணியில் மாட்டிய என் பில்லை

சகோதர சகோதரிகளே, மலைக் கிராமத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு என்னால் இரண்டு மாதம் சம்பளம் போகவில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் அரிசி இல்லை. அந்த நாட்களில் நான் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்ட விதத்தை நானே என் கையால் எழுதுகிறேன். மூன்றாவது வரைதான் படித்தேன். ஆனாலும் இன்னொருவரை விட்டு எழுதச் சொல்லவில்லை.

வருஷம் 1966. பாலகாட்டுத் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பாப்திஸ்து சபையில் முப்பத்தாறு குடும்பங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மிஷன் உதவி நின்றுபோனது. குப்பம் ஊருக்குப் பக்கத்து மலையில் ஊழியம் செய்த சாமுவேல் ஐயாவை இனி நாமே தாங்குவது என்று சபை கூடித் தீர்மானித்தது. எங்களுக்கு மேலே பிஷப் கிடையாது. அங்கத்தினர் கை தூக்கினால்தான் எந்தக் காரியமும் நடக்கும். மாதம் அறுபது ரூபாய் என்று கை தூக்கினார்கள். பணத்தை டீக்கனாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள்.

ஒப்படைக்காமல் என்ன செய்வார்கள்? பதினாறு வயதில் சுரங்கத்தில் டிராலி தள்ள இறங்கி, யார் சிபாரிசும் இல்லாமல் டிம்பர் மேஸ்திரி ஆனவன் நான். பாறை விழாமல் நான் நிறுத்திய மரமுட்டு ஒன்றுகூட அதுவரை சாய்ந்ததில்லை. எங்கள் லைன் வீடுகளில் முதல் ரேடியோ என் வீட்டில்தான் பாடியது.

காணிக்கை ஒழுங்காக வருவதற்கும் நானே வழி கண்டுபிடித்தேன். சுரங்கத்தில் ஆளுக்கொரு பித்தளைப் பில்லை உண்டு. இறங்கும்போது எடுத்துப் போவோம். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டுவோம். அதே மாதிரி ஒரு பலகை செய்து ஆலயச் சுவரில் அடித்தேன். குடும்பத்துக்கு ஒரு தகரப் பில்லை, நம்பர் போட்டு. அந்த மாதக் காணிக்கை கொடுத்தால் பில்லை தொங்கும். கொடுக்காதவர்களின் ஆணி மொட்டையாக நிற்கும். ஒன்றாம் நம்பர் என்னுடையது.

முதல் மூன்று மாதம் பணம் கொட்டியது. பிறகு ஆட்கள் குறைந்தார்கள். மொட்டை ஆணிக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாட யாருக்கு மனம் வரும்? அது எனக்கு அப்போது விளங்கவில்லை. பலகை சரி, ஜனங்கள்தான் சரியில்லை என்றேன்.

இப்போது என் பாவத்தைச் சொல்கிறேன். அந்த வருஷம் வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். ஊரே பேசும்படி செய்தேன். கை வறண்டது. ஆனி மாதமும் ஆடி மாதமும் என் பங்கு பதினைந்து ரூபாயை நான் போடவில்லை. பில்லையை மட்டும் முதல் ஆளாக மாட்டினேன். பெட்டி என்னிடம். யார் பார்க்கப் போகிறார்கள்? அதில் சேர்ந்திருந்தது நாற்பத்தொரு ரூபாய். அதையாவது அனுப்பியிருக்கலாம். அரைகுறையாக மணியார்டர் அனுப்ப என் கௌரவம் விடவில்லை.

ஒரு புதன்கிழமை சாமுவேல் ஐயாவின் கார்டு வந்தது. கடைக்காரர் அரிசி தர மறுத்துவிட்டார், வரும் செவ்வாய்க்கிழமை வரை பார்த்துவிட்டு ஊழியத்தை விட்டு ஊருக்குத் திரும்புகிறோம் என்று எழுதியிருந்தார். என்மேல் ஒரு வார்த்தை குறை இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கொடுக்காதவர்கள் மனதைத் திறந்தருளும் என்று முழங்காலில் நின்றேன். பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். கார்டை வாசித்தேன். பிறகு மொட்டை ஆணிகளின் நம்பரை ஒவ்வொன்றாக, சத்தமாக வாசித்தேன். இருபத்தேழு என்றதும் ரூத்தம்மாள் எழுந்தாள். அண்டர்கிரவுண்டில் வேலை செய்த டேவிட்டின் மனைவி.

"அண்ணே, ஷிப்ட் முடிஞ்சும் ஒரு பில்லை பலகைக்கு வர்லன்னா இன்னா அர்த்தம்?"

"ஆளு இன்னும் கீழ கீறான்னு அர்த்தம்," என்றேன்.

"அப்ப இன்னா பண்ணுவீங்க?"

"ஆள் அனுப்பித் தேடுவோம்."

"எங்க வூட்டு பில்லை மூணு மாசமா வர்ல. என் வூட்டுக்காரு நெஞ்சுல கல்தூசி ஏறி படுத்துக்கினு கீறாரு. நம்பர் படிக்கிறீங்களே, ஒருத்தராச்சும் தேடிக்கினு வந்தீங்களா?"

எனக்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஒண்ணாம் நம்பர் பில்லை பொய்யா தொங்குது," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பின்பெஞ்சில் ஒருவன், "மேஸ்திரி முட்டு சாஞ்சிடுச்சிடா," என்றான். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைச் சபையை விட்டே நீக்க வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் என் தலைக்கு மேல் பேச்சு நடந்தது. கடைசியில் கை தூக்கினார்கள். என்னை நீக்கவில்லை. ஆனால் இனிப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று ரூத்தம்மாளிடம். பலகையை நானே பிடுங்க வேண்டும். பிடுங்கினேன்.

அன்று மத்தியானம் எல்லாரும் பிரிந்து, வராத வீடுகளுக்கெல்லாம் போனார்கள். பணம் கேட்க அல்ல, விசாரிக்க. சாயங்காலம் ஆலயம் நிறைந்தது. ஒரு துணிப்பை சுற்றி வந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி மூடின கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். நான் கல்யாணத்துக்கு வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டேன். அதை அங்கேயே ஒருவர் விலைக்கு எடுத்துக்கொண்டார். பழைய நாற்பத்தொன்றோடு சேர்த்து நூற்று நாற்பத்தாறு ரூபாய். ஊழியருக்கு நூற்றிருபது, மீதி டேவிட் வீட்டுக்கு என்று மறுபடி கை தூக்கினார்கள். நான் கேட்டது அறுபதோடு அறுபது. கர்த்தர் நான் கேட்காத வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நானும் ரூத்தம்மாளும் பஸ் ஏறினோம். டேவிட்டைப் பார்த்துக்கொள்ள மூன்று வீட்டார் முறை போட்டுக்கொண்டார்கள். நான் பணப்பைக்காகக் கை நீட்டினேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும் அண்ணே," என்றாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்தில் ஐயா வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. டிரங்குப் பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. ஐயாவின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டு நின்றாள். அவர்கள் செவ்வாய்க்கிழமை வரைகூடத் தாங்கவில்லை. ரூத்தம்மாள் பணத்தை அவள் கையில் வைத்தாள். தாமதம் என்னால்தான் என்று ஐயாவிடம் சொன்னேன். அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து, மறுபக்கத்தைப் பிடிக்கும்படி எனக்குக் கண் காட்டினார். இரண்டு பேருமாக இறக்கினோம்.

இப்போது எட்டு வருஷம் ஆகிறது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். மலையில் ஒரு சபை இருக்கிறது. நான் இன்னும் பெருமைக்காரன்தான், என் மனைவி தினமும் சொல்கிறாள். ஆனால் காணிக்கையைத் தனியாக எண்ணுவதில்லை. என்னைத் தள்ளிவிடாத ஆண்டவருக்கும் சபைக்கும் நன்றி.

பிரியமானவர்களே, உங்கள் சபையில் ஊழியருக்குக் கொடுக்கப் பணம் குறைகிறதா? என் ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். தருவார். ஆனால் தருவதற்கு முன் அவர் உங்களை ஒரு கேள்வி கேட்டால், எழுந்து போய்விடாதீர்கள்.