ஒரு தந்தி தள்ளி

டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் லூசியஸ் டார்ப்லிக்கு நாற்பத்திரண்டு வயதில் பாஸ் கிட்டார் ஆசை வந்தது. வெறும் ஆசை என்றும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடமாக அவன் மனைவி ஆர்டெல்லா தொழிற்சங்க மண்டபத்தில் சோல் பாட்டு பாடுகிறாள். இவன் அவளுடைய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்து மேடையில் வைத்துவிட்டு, கோட்டு மாட்டுகிற இடத்தில் போய் நிற்பான். ஒருநாளாவது மேடையில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் பாடும் குழுவில் பாஸ் வாசித்தவன் கலிபோர்னியாவுக்குக் கிளம்பியதும் குழுவை நடத்தும் வெண்டல் இவனிடம் சொன்னான்: "நாலு வாரம் டைம். ஒரே ஒரு பாட்ட வாசிச்சுக் காட்டு. சரிப்பட்டு வரலன்னா வேற ஆள் ரெடியா இருக்கான்."

அந்தப் பாட்டுக்கு உயிரே பாஸ்தான். பாழாய்ப்போன விரலுக்கு அந்த ஓட்டம் பிடிபடவில்லை. ஆர்டெல்லா ஆஸ்பத்திரிச் சலவை வேலையிலிருந்து திரும்புவதற்குள், தினமும் இசைத்தட்டை முக்கால் வேகத்தில் மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்வரமாகப் பிடித்தான். விரல் நுனி காய்த்துப்போனது. தட்டு அவளுடையது, கீறல் விழுந்தால் தொலைத்துவிடுவாள். அதனால் பாடம் ஆனதும் உறையில் போட்டு வைத்துவிட்டு, காலால் தாளம் தட்டித் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொண்டான். அங்கேதான் கோட்டைவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் ஆரம்பித்தார்கள். ஆர்டெல்லா முதல் அடியிலேயே நிறுத்தினாள். வெண்டல் கிட்டாரைக் கீழே இறக்கினான்.

"நாங்க மாடியில இருக்கோம், நீ எங்கய்யா நிலவறையில உருட்டுற? தட்ட மெதுவா ஓடவிட்டா கத்துக்கிட்ட?"

"ஆமா."

"வேகம் குறைஞ்சா சுருதியும் சேந்து இறங்குமே. கத்துக்கிட்டப்புறம் ஒருதரம் தட்டோட சேத்து வாசிச்சுப் பாக்க மாட்டியா?"

டிரம்ஸ்காரன் சிரித்தான். லூசியஸுக்கு மானம் போயிற்று. ஆர்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"சரியான முதல் ஸ்வரத்த மட்டும் ஒருதரம் வாசி" என்றான்.

வெண்டல் வாசித்தான். லூசியஸ் தேடினான். கிட்டார்க் கழுத்தில் விரல் வைக்கிற அதே கட்டை, அடுத்த மெல்லிய தந்தி. இரண்டாவது ஸ்வரமும் அதே கட்டை, அடுத்த தந்தி. நாலு வார உழைப்பு வீணாகவில்லை, கை மொத்தமும் ஒரு தந்தி தள்ளிப் போனால் போதும்.

"இன்னொரு தரம் போலாம்."

இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. ஆர்டெல்லா இரண்டாம் சரணத்தில் அவன் பக்கமாக நகர்ந்து நின்று பாடினாள். கடைசியில் வெண்டல், "அடுத்த சனிக்கிழமை கறுப்பு சூட்டு போட்டுட்டு வந்துரு" என்றான்.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் லூசியஸ் குனிந்து ஸ்பீக்கர் பெட்டியின் பிடியில் கை வைத்தான்.

"விடு அத" என்றாள் ஆர்டெல்லா. "பாஸ் வாசிக்கிற கை. நான் தூக்கிக்கிறேன்."