பேர்லினில் ஈரத் தீக்குச்சிகள்

காலை 7.20. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பேர்லினுக்கு ரயில். அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய ஆறு மணித்தியாலம், கட்டணம் ஐம்பத்தொன்பது யூரோ தொண்ணூறு சதம். பிரித்தானியப் பங்க் இசைக் கிழவர்கள் மூன்று பேரைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். ஒருகாலத்தில் நான்காவது ஆள் நான்.

லண்டனில், ஒரு சலவைக்கடையின் நிலவறையில் தொடங்கினோம். குழுவின் பெயர் 'ஈரத் தீக்குச்சிகள்'. கொலின் பாட்டு, இரட்டையர் இருவர் கிற்றார், நான் ட்ரம்ஸ். முதல் இசைத்தட்டில் 'கதவைத் தட்டாதே' என்ற பாட்டு வானொலியில் ஓடியது. அந்த வேகத்தில் ஒரு பழைய வான் வண்டியில் ஜெர்மனியின் பதினொரு நகரங்களைச் சுற்றினோம். அந்தப் பாட்டை எழுதியவன் நான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இராணுவம் கொண்டுபோன, திரும்பி வராத என் அண்ணன் பாலனைப் பற்றியது.

பேர்லினில் முந்நூறு பேருக்கு முன் வாசித்த மறுநாள், நெடுஞ்சாலைப் பெற்றோல் நிலையமொன்றில் கொலின் சொன்னான்: "பெரிய இசைத்தட்டுக் கம்பனி ஒன்று எங்களைக் கேட்கிறது. ஆனால் அட்டைப் படத்தில் உன்னை எங்கே நிறுத்துவதென்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்."

என் ட்ரம்ஸை இறக்கி வைத்துவிட்டு வான் போய்விட்டது. நான் இந்த நாட்டிலேயே தங்கிவிட்டேன். அவர்களுடைய அடுத்த தட்டு விற்கவில்லை, கம்பனியும் கைவிட்டது. அதைக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிற்பகல் 1.40. எம்41 பேருந்தில் நொய்கெல்ன் பகுதிக்கு, மூன்று யூரோ எண்பது. மனைவியின் தமக்கை சாந்தி அக்கா இடியப்பமும் சொதியும் வைத்திருந்தா.

"முப்பது வருசத்துக்குப் பிறகு அந்தக் கொலினோட என்ன கதை?"

"அது அண்ணையின்ர பாட்டெண்டு அவன் மேடையில ஒருக்காச் சொல்லவேணும், அக்கா. வேற ஒண்டும் வேண்டாம்."

"சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று மட்டும் சொன்னா.

மாலை 4.30. மதுக்கடையின் பின்னறையில் அவர்களுடைய கச்சேரி, நுழைவு பன்னிரண்டு யூரோ. வந்திருந்தவர்கள் பதினேழு பேர். கொலின் என்னைக் கட்டிப்பிடித்தான். தலையில் முடியில்லை, கண் கலங்கியிருந்தது. நான் கேட்டதற்கு உடனே சம்மதித்தான். "கட்டாயம் சொல்கிறேன். பாலன்தானே? பாலன்." இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

நான்காவதாக அந்தப் பாட்டு வந்தது. "என் மணமுறிவு நாட்களில் நான் எழுதியது" என்றான் கொலின். மறந்தானா, மறைத்தானா தெரியாது. என் பக்கம் திரும்பவேயில்லை.

நான் எழுந்து கத்தினேன்: "பாலன்!"

முன்னால் நின்றவர்கள் திரும்பிச் சிரித்தார்கள். பழைய ரசிகன் ஏதோ கோஷம் போடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி கிளாசைத் தூக்கி "பாலன்!" என்றாள். பிறகு எல்லோரும், தாளத்தோடு. கொலின் சிரித்தபடி மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினான். பாட்டு முடியுமுன் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, பேருந்துத் தரிப்பில் சாந்தி அக்கா கேட்டா: "சொன்னவனோ?"

"ஓம் அக்கா. எல்லாரும் சொன்னவை."

எங்கள் வீட்டில், அம்மா கண்மூடும் வரைக்கும் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.