நீராகாரத்துக்கு அடங்காத வயிறு

சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடிக்கு விடுமுறையில் வந்திருந்தேன். பல்வலிக்கு நானே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கினேன். வயிறு உப்பியது, நீராகாரம் குடித்தேன், அடங்கியது. பிறகு பேதி, அதற்கும் நீராகாரம். காய்ச்சலோடு ரத்தமும் போனபோதுகூட, மறுநாள் விமானத்தை விட்டால் வேலை போய்விடுமே என்று நீராகாரச் சொம்பைத்தான் தேடினேன்.

ஸ்டெல்லா அண்ணி அதைப் பிடுங்கினார். "வாய்க்கால்ல பாசின்னா கையால ஒதுக்கலாம் தம்பி. கரையே ஒடைஞ்சப்புறமும் கையத்தான் வைப்பீங்களா? ஆட்டோ நிக்குது, ஏறுங்க!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "மாத்திரையால குடல்ல இருந்த நல்ல கிருமி செத்து, கெட்டது பெருகிடுச்சு. உப்பசம் முதல் படி, விடாத பேதி அடுத்தது. இது உயிருக்கே ஆபத்தான படி."

பிழைத்தேன், வேலை போனது. அழுதேன்.

"திட்டணும்னா என்னைத் திட்டுங்க. திட்ட நீங்க உசுரோட இருக்கீங்கல்ல, அது போதும்" என்று அண்ணி சிரித்தார்.

திட்டு வாங்கியாவது ஒருவரைக் காப்பாற்றும் அந்தத் துணிச்சல் எனக்கு வருமா என்று இன்றும் யோசிக்கிறேன்.