சலித்து எடுத்த பதினொரு கேள்விகள்

நான் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று நினைப்பதே கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ள வேண்டும். போடியில் ஒரு அங்கன்வாடி மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். அங்கே நான் எழுதுவது, கரும்பலகையில் அன்றைய கிழமையையும் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு என்பதையும் மட்டும். அதையும் யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் எழுத்து கோணிவிடும். பெரிய விஷயம் எதுவும் சொல்லப் போவதில்லை. சமூக அறிவியல் பரீட்சைக்கு முந்தின நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சை எனக்குத்தான். என் வயது நாற்பத்து நான்கு.

பள்ளியில் படித்த காலத்தில் பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். சமூக அறிவியலில் மட்டும் நான்கு மதிப்பெண் குறைந்து போனது. வரலாறு கதை மாதிரி இருக்கும், எப்படியோ எழுதிவிடுவேன். புவியியல்தான் என்னைக் கவிழ்த்தது. அதற்குப் பிறகு அம்மாவோடு ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். கல்யாணம் ஆனது. இந்த வேலை கிடைத்தது. இப்போது எங்கள் மையத்துப் பணியாளர் ஓய்வு பெறப் போகிறார். நான் பத்து தேறியிருந்தால் அந்த இடத்துக்கு என் பெயரை அனுப்பலாமாம். வயது வரம்பு இருக்கிறது, இந்த முறை விட்டால் பிறகு பேச்சே இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

இதற்கு முன்பும் ஒருமுறை தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அப்போது தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பரீட்சை அன்று தேனிக்குப் போய், பள்ளி வாசல்வரை போய்விட்டேன். என் வயதில் பாதிகூட இல்லாத பையன்கள் கூட்டமாக நின்று பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "அம்மா, பெத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் நிக்கணும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் அந்தப் பக்கம் போய் நின்றேன். அப்படியே அடுத்த பஸ்சில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அதன் பிறகு மாதக்கணக்கில் தெருவில், "ரிசல்ட்டு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதனால் இந்த முறை மூன்று பேருக்குத்தான் தெரியும். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த என் வீட்டுக்காரர் ஒருவர். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி. அவளோடு படிக்க சிலமலையிலிருந்து வரும் அவள் தோழி ஒருத்தி. அந்த இரண்டு பேருக்கும் அதே நாள், அதே பரீட்சை, அவர்கள் பள்ளியில். மாலை நேரங்களில் அவர்களோடு உட்கார்ந்து நானும் படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மா, நான் பிள்ளைகள் அரட்டை அடிக்காமல் பார்த்துக்கொள்ள வந்து உட்காருவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று நானும் சொல்லவில்லை. அவரை நான் மதினி என்பேன், அவரும் என்னை மதினி என்பார். உறவெல்லாம் இல்லை, பதினெட்டு வருடப் பழக்கம்.

மதினி ஏலக்காய் பொறுக்குகிறவர். ஏலக்காய் வியாபாரி கடையிலிருந்து மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து காம்பு கிள்ளி, சலித்து, தரம் பிரித்துக் கொடுப்பார். எட்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்ட சல்லடையில் எந்தக் காய் கீழே விழாமல் நிற்கிறதோ அதுதான் முதல் தரம். விழுந்தது ஏழு சல்லடைக்குப் போகும், அதிலும் விழுந்தது ஆறுக்குப் போகும். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் இந்த எண்களைக் கேட்டுத்தான் வளர்கின்றன. ஆகவே அந்த இரண்டு பெண்களும் கேள்விகளையும் அப்படியே சலித்தார்கள்.

அன்று காலை சிலமலைப் பெண் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, புவியியலில் வரக்கூடிய ஐந்து மதிப்பெண் கேள்வி ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள். மதினி கடைக்குப் போயிருந்த நேரம். மூன்று பேரும் அவர் வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் சீட்டைத் தூக்கிக் காட்டுவாள், மற்றவள் தீர்ப்புச் சொல்வாள்.

"கரிசல் மண்ணு, செம்மண்ணு, வேறுபடுத்துக."

"போன வருசம் வந்துச்சா?"

"இல்ல."

"திருப்புதல் தேர்வுல?"

"அதுலயும் இல்ல. சார் ரெண்டு ஸ்டார் போட்டுருக்காரு."

"எட்டு எம்எம்மு! மேல வையி."

"பல்நோக்குத் திட்டம்."

"அது போன வருசமே வந்துருச்சு. கீழ போடு."

"வடகிழக்குப் பருவக்காத்து பத்தி எழுதுக."

"அதையும் போடு. ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, இனி கேக்க மாட்டாங்க."

இப்படி ஐம்பது சீட்டுக்குமேல் சலித்ததில் கடைசியாகப் பதினொன்று நின்றது. இரண்டு பெண்களுக்கும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்பு நானும் கடையில் பொறுக்கியிருக்கிறேன். நல்ல எட்டு எம்எம் காய்கூட, நேராக நின்று விழுந்தால் ஓட்டை வழியாகப் போய்விடும். அதனால்தான் சலித்த பிறகும் கையால் ஒருமுறை தேட வேண்டியிருக்கிறது. நான் தரையில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

"அத்தே, கழிச்சத எதுக்குப் பொறுக்குற?"

"இருக்கட்டும்டி."

"அம்புட்டையும் படிச்சேன்னா நீ நாளைக் கழிச்சுத்தான் முடிப்ப. அதுக்குள்ள பேப்பரே திருத்திருவாங்க."

சிலமலைப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மடியிலிருந்த ஒரு சீட்டுக்குக்கூட எனக்கு முழுதாகப் பதில் தெரியவில்லை.

பதினொரு மணிவாக்கில் மதினி மூட்டையோடு வந்தார். வாசற்படியை ஒட்டி முறத்தைப் போட்டு உட்கார்ந்து, காம்பு கிள்ளிக்கொண்டே பேசினார்.

"மதினி, நாளைக்குத் தேவாரத்துல எங்க அக்கா மகளுக்கு வளகாப்பு. வேனு ஒம்பது மணிக்கு. ஒனக்குஞ் சேத்து எடம் சொல்லிட்டேன். இவள பள்ளிக்கூடத்துல எறக்கிவிட்டுட்டு அப்படியே போயிருவோம். காட்டுப் பக்கம் யானை எறங்குதாம், இருட்டுறதுக்குள்ள திரும்பிரலாம். என்ன?"

"சரி மதினி" என்றேன்.

அந்தச் சொல் எப்போதும் என் வாயில் தயாராக இருக்கும். யார் எதைக் கேட்டாலும் அதுதான் முதலில் வரும். மற்றதெல்லாம் அவர்கள் போன பிறகுதான் நினைவுக்கு வரும். இரண்டு பெண்களும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். இமயமலையின் நிலத்தோற்றம். ஒரு எழுத்தும் ஓடவில்லை. ஒன்பது மணிக்கு வேன். ஏழரைக்கு நான் பஸ்சில் இருக்க வேண்டும். இப்போதே சொல்லிவிடலாம், ஒரு நிமிடம் கழித்துச் சொல்லலாம், மதியம் சொல்லலாம், காலையில் தலைவலி என்று சொல்லலாம். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு வந்துவிட்டாள். சலிப்பதற்கு வழியில்லாதவை அவை, எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். கடகடவென்று கேட்பாள், நாங்கள் சொல்ல வேண்டும்.

"தமிழ்நாட்டுக்கு அதிக மழை தர்ற பருவக்காத்து எது?"

மனது வேறெங்கோ இருந்ததால் யோசிக்காமல் சொன்னேன். "தென்மேற்கு."

"அத்தே!"

"ஏன்?"

"வடகிழக்கு அத்தே. வடகிழக்கு!"

அவள் சொன்ன பிறகும் எனக்கு அது தவறாகத்தான் பட்டது. எனக்கு மழை என்றால் ஆனியில் எங்கள் மலையுச்சியான மெட்டுக்கு மேலே பிடிக்கிற மழைதான். பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு அம்மாவும் நானும் ஏலச் செடிக்குள் குனிந்து நிற்போம், நாள் முழுக்க விடாது. அந்த மழை நன்றாகப் பெய்தால் ஊரில் எல்லாருக்கும் சோலி இருக்கும். பெய்யாவிட்டால் ஜீப்பெல்லாம் காலியாக நிற்கும்.

மதினி வாசலிலிருந்து எனக்காகச் சண்டைக்கு வந்தார். "என்னடி வடகிழக்கு? மதினி சொல்றதுதான் சரி. ஆனி ஆடியில பெய்யாட்டி காய் ஏது? நான் பொறுக்குறதுக்கு என்ன இருக்கு?"

சிலமலைப் பெண் பொறுமையாக விளக்கினாள். "பெரியம்மா, நீங்க சொல்றது மெட்டுக்கு மேல பெய்யிற மழை. மெட்டத் தாண்டுனா கேரளா. அது தமிழ்நாட்டு மழையில சேராது. எங்க அப்பா கெணத்த எட்டிப் பாக்குறதே ஐப்பசியிலதான்."

"மழைக்கு எதுக்குடி செக்போஸ்ட்டு?"

இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே காலையில் போய் மாலையில் திரும்புகிற மலையை நாற்பது வருடமாக என் ஊர் என்றே வைத்திருந்தேன். புத்தகத்தில் அது வேறு மாநிலம். இதேபோல இன்னும் எத்தனை பதில்களை நான் வாழ்ந்த கணக்கில் தப்பாக வைத்திருக்கிறேனோ என்று புத்தகத்தை முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அத்தே, நாளைக்கு இப்படியே எழுதிட்டு வந்துறாத. சுளையா ஒரு மார்க்கு போயிரும்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

மதினியின் கை நின்றது. "நாளைக்கு இவ என்னடி எழுதப் போறா? வளகாப்பு வீட்டுல யாரு பரீட்ச வைக்கிறா?"

தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்புகிறவரை காத்திருந்தேன்.

"நான்தான் எழுதுறேன் மதினி. பத்தாவது. தேனியில."

"எத்தன நாளாப் படிக்கிற?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசமா எம் வீட்டுல ஒக்காந்து, எம் வீட்டுக் காப்பியக் குடிச்சு, எம் மககிட்டச் சொல்லிருக்க. எங்கிட்டச் சொல்லல."

"போன தடவ மாதிரி ஆயிருமோன்னு…"

"ஆனா என்ன? நாலு பேரு கேப்பாளுக. கேட்டுட்டுப் போறாளுக." மீண்டும் காம்பு கிள்ள ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் என்று கையின் வேகத்தில் தெரிந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்: "இந்தக் கழுதை ஒளறாம இருந்திருந்தா, நாளைக்கு வேன்ல வந்து ஏறியிருப்பியா?"

"இல்ல மதினி, எப்படியாவது சொல்லியிருப்பேன்" என்றேன்.

அது பொய். ஏறியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு வேனில் ஏறி, தேவாரம் போய் வளையல் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். பரீட்சைக்குப் போகாததற்கு யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் அது. மதினியிடம் "சரி" என்று சொன்னபோது பயத்தோடு சேர்ந்து எனக்குள் ஒரு ஆறுதலும் வந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன், புவியியலைவிட.

மதினிக்கு அந்தப் பொய் தெரிந்திருக்க வேண்டும். முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். "வேன்ல ஒன் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன். தெருவுலயும் இன்னைக்கே சொல்லிருவேன். நீ பாதியில திரும்பி வந்தேன்னா எல்லாரும் வாசல்ல நின்னு கேக்கட்டும்."

"அம்மா, வேணாம்மா" என்றாள் அவர் மகள்.

"நீ படிடி. சீட்டு வெளையாடுற மாதிரி தாளக் கிழிச்சுப் போட்டுட்டு."

சொன்னபடியே செய்தார். மூன்று மணிக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்தி, "பேனா நல்லாப் பாத்து எடுத்துட்டுப் போ" என்றாள். இன்னொருத்தி, "இந்தத் தடவயாச்சும் உள்ள போவியா?" என்றாள். கேலியா அக்கறையா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. மடியிலிருந்த சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு வடகிழக்குப் பருவக்காற்றை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். பிறகு மூவரும் இந்திய வரைபடத்தில் காற்றுக்கு அம்புக்குறி போட்டுப் பழகினோம். தென்மேற்கு அம்பை மேற்கு மலையில் கொண்டுபோய் முட்டவிட்டாள் சிலமலைப் பெண். வடகிழக்கு அம்பை வங்காள விரிகுடாவிலிருந்து இழுத்தாள். என் அம்பு மட்டும் கடலிலேயே வளைந்து நின்றது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஆறு மணிக்கு சிலமலைப் பெண் கடைசியாக ஒருமுறை பதினொன்றையும் ஒப்பித்துவிட்டு பஸ்சுக்குக் கிளம்பினாள். போகும்போது, "அக்கா, கரிசல் மண்ணு கண்டிப்பா வரும், எழுதி வச்சுக்கங்க" என்றாள்.

மறுநாள் ஏழரை மணி பஸ்சில் தேனிக்குப் போனேன். வாசலில் நிற்காமல் உள்ளே போய் என் எண் ஒட்டிய மேசையைத் தேடி உட்கார்ந்தேன். எதிர்பார்த்த கேள்விகளில் நான்கு வந்திருந்தன, கரிசல் மண் வரவில்லை. வரைபடத்தில் இரண்டு இடங்களைத் தவறாகக் குறித்தேன். ஒன்றே காலுக்கு மணி அடித்தது, தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.